கிரவல் றோட்டில் தமியா குவாட்ரோ: வன்னியில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பெட்டிப் படத்தைப் பார்த்து இதை வாங்க யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேலே மூடியிருக்கும் உடல்தான் றாலிக் கார் (மண், கிரவல் பாதையிலும் ஓடும் பந்தயக் கார்), அடியில் இருப்பது தார் றோட்டுக் கார். ஜப்பான் கம்பனியான தமியாவின் 1/10 அளவு அவுடி குவாட்ரோ றாலி ஏ2, நாமே பொருத்தி ஓட்டும் றிமோட் கார் கிட், 2019இல் வெளிவந்தது. அதற்குள் இருப்பது 2013இலிருந்து விற்பனையில் இருக்கும் டிடி-02 சட்டகம், அதாவது மோட்டாரும் கியரும் சில்லும் பூட்டும் அடிப்பாகம். இதே சட்டகத்தின் மேல் தமியா எத்தனையோ வீதிக் கார்களையும் பந்தயக் கார்களையும் ஏற்றிவிட்டது. உடலைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் வேறு கார். வட்டக்கச்சிப் பக்கத்து ஒழுங்கைகளில் அடிவாங்குவது உடல் அல்ல, சட்டகம். அதனால் இந்தப் பதிவு பெரும்பாலும் சட்டகத்தைப் பற்றியது.

மச்சான் கனடாவிலிருந்து 2021 கடைசியில் வந்தபோது கொண்டுவந்தான். பெட்டியில் சட்டகத்தின் பிளாஸ்ரிக் துண்டுகள், 540 வகை மோட்டார், டிபிஎல்ஈ-02எஸ் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, நிறம் பூசாத தெளிவான உடல், ஸ்ரிக்கர் தாள் எல்லாம் இருந்தன. றிமோட், றிசீவர், திசைமாற்றும் சேர்வோ, பற்றரி, சார்ஜர், நிறம் ஆகியவற்றைத் தனியாக வாங்க வேண்டும். இவை எல்லாம் சேர, கிட் விலை இன்னொரு தடவை கையை விட்டுப் போனது. விலை கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாதியில் பணம் முடிந்து, சட்டகம் அலுமாரிக்கு மேல் கிடப்பதில் என்ன பயன்?

நிறம் பூசுவது தனி வில்லங்கம். உடல் பொலிகாபனேட். நிறத்தை உட்பக்கமாகப் பூச வேண்டும். வெளியே ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தை நிறம் காய்ந்த பிறகு உரித்தால்தான் மினுக்கம் தெரியும். பொலிகாபனேட்டுக்கென்று வரும் ஸ்பிறே டின்னை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் ஸ்பிறே இதில் நிற்காது; உடல் ஒருமுறை வளைந்து நிமிர்ந்தாலே செதில் செதிலாக உதிரும். நான் போத்தலில் வரும் பொலிகாபனேட் நிறத்தைத் தருவித்து, தூரிகையால் மெல்லிதாகப் பல பூச்சுப் பூசினேன். வெயிலுக்கு நேரே பிடித்தால் கோடு தெரிகிறதுதான். ஸ்ரிக்கர் ஒட்டிய பிறகு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பொருத்தும் வேலையில் பெரிய குறை சொல்ல முடியாது. வழிகாட்டிப் புத்தகம் முழுக்கப் படம்; மொழி தெரியாவிட்டாலும் சமாளிக்கலாம். ஆனால் நல்ல திருப்புளி வேண்டும். ஜப்பான் ஸ்குறூக்களின் தலையில் இருக்கும் சிலுவை வெட்டு, நாங்கள் வழக்கமாக வைத்திருக்கும் பிளஸ் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. வழுக்கி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஸ்குறூ நேராகப் பிளாஸ்ரிக்குக்குள் இறங்குவதால், இறுகியதும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு அரைச் சுற்றுச் சுற்றினாலும் துளை பழுதாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது டிஃபரன்சல், இடது வலது சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்த் தொகுதி. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. உள்ளங்கையில் அடங்கும் கூட்டுக்குள் குட்டிக் குட்டிச் சாய்பற் கியர்கள். பொருத்தி முடித்ததும் காரைத் தூக்கி, நடுத்தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு சில்லைச் சுற்றினால் மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றும். அக்காவின் மகள் இதைப் பார்த்துவிட்டு, "மாமா, அப்ப ஒரு சில்லு குழிக்குள்ள தொங்கினா அது மட்டும்தானே சுத்தும்?" என்று கேட்டாள். அதேதான் நடக்கும். சேற்றில் புதைந்த உழவு இயந்திரத்துக்கு, இரண்டு சில்லையும் ஒன்றாகப் பூட்டும் டிஃப் லொக்கை மிதிப்பது எதற்கு என்று பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. இந்தக் காரில் லொக் இல்லை. அதற்குப் பதிலாக டிஃபரன்சலுக்குள் மிகவும் தடித்த கிறீஸை அடைத்துவிடுகிறார்கள். தமியாவே அப்படி ஒரு கிறீஸ் விற்கிறது. கிரவலில் ஓட்டுவதென்றால் பின் டிஃபரன்சலுக்கு அதைப் போடுங்கள். முன்னுக்குச் சாதாரண கிறீஸ் போதும், இல்லாவிட்டால் கார் திரும்ப மறுக்கும்.

அசல் காரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். குவாட்ரோ 1980இல் ஜெனீவா கண்காட்சியில் வந்தது. நான்கு சில்லும் இழுக்கும் காரால் றாலியில் வெல்ல முடியும் என்று காட்டியதே அதுதான். ஹன்னு மிக்கோலா 1983இலும் ஸ்ரிக் ப்ளொம்க்விஸ்ற் 1984இலும் அதில் ஓட்டி உலகச் சம்பியன் ஆனார்கள். 1981இல் சான்றெமோ றாலியை வென்ற மிஷேல் மூட்டோன், உலகச் சம்பியன்ஷிப் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுக் காரின் ஓட்டுநர் மூட்டோன்தான். கண்ணாடியில் பெயரும் எழுதியாகிவிட்டது. அவர் அந்த வெற்றியை எடுத்தது ஏ2 வருவதற்கு முந்திய குவாட்ரோவில் என்று நான் சொன்னது எடுபடவில்லை.

அசல் காரில் ஐந்து சிலிண்டர் ரேர்போ எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. மூக்குப் பாரம். வளைவில் நேராகவே போகப் பார்க்கும் கார் அது. மாதிரியில் மோட்டார் பின் அச்சுக்குக் கிட்ட இருக்கிறது. அதனால் குணமும் வேறு. இறுகிய மண்ணில் வேகத்தைச் சட்டென்று விட்டால் வால் வீசும். பழகினால் அது சுகம். குவாட்ரோ ஓட்டிய உணர்வு மட்டும் இதில் வராது.

எங்கே ஓட்டலாம்? வன்னியில் இதற்கு வாய்த்த இடம் நெல் காயவிடும் சீமெந்துத் தளம். அகலமானது, மட்டமானது, ஓரத்தில் புல். காலபோக அறுவடை நடக்கும் மாதங்களில் தளம் முழுக்க நெல், அந்தப் பக்கமே போகக்கூடாது. நெல் இல்லாத நாட்களில் பின்னேர வெயில் தணிந்ததும் அங்கே ஓட்டினால் இந்தச் சட்டகம் என்னத்துக்குச் செய்யப்பட்டது என்பது விளங்கும். கீறின கோட்டில் போகும். குளக்கட்டு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பக்கம் தண்ணீர். மாத்தளன் பக்கம் கடற்கரை மணலில் ஒருதரம் இறக்கிப் பார்த்தோம். வயிறு தட்டி நின்றது, அவ்வளவுதான்.

கிரவல் ஒழுங்கையில் ஓடுமா என்றால், ஓடும். அழகாகவும் இருக்கும். பின்னால் செம்புழுதி எழும்ப வெள்ளைக் குவாட்ரோ வருவதைத் தரையோடு குனிந்து பார்த்தால் ஒரு கணம் அளவே மறந்துவிடும். ஆனால் பெட்டியில் உள்ளபடி உயரம் போதாது. டாம்பர் (அதிர்வு தாங்கி) பூட்டும் இடத்தில் துளை மாற்றிக் கொஞ்சம் உயர்த்தலாம். கிட்டோடு வரும் டாம்பர்கள் எண்ணெய் இல்லாதவை, வெறும் உரசலில் வேலை செய்பவை. சிறு கற்களில் கார் தத்தித் தத்திப் போகும். எண்ணெய் டாம்பர் மாற்றிய பிறகுதான் சில்லு நிலத்தோடு ஒட்டி ஓடியது.

இனிப் புழுதிக்கு வருவோம். இந்தக் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். கியர்கள் மூடிய கூட்டுக்குள் இருப்பதால் நாங்கள் பயந்த அளவுக்கு அங்கே பழுதில்லை. சட்டகத்தின் மேற்பக்கம் திறந்த தொட்டி. முன் சில்லு வாரி இறைக்கும் மண் அத்தனையும் உடலுக்கு அடியால் வந்து பற்றரிக்கும் சேர்வோவுக்கும் இடையே குவியும். சோளகம் அடிக்கும் மாதங்களில் கார் நின்றாலும் புழுதி உள்ளே போகும்.

உண்மையான சேதம் சில்லு அச்சுகளில். கிட்டோடு வருபவை பெரும்பாலும் பிளாஸ்ரிக் புஷ், அதாவது அச்சு உள்ளே சுற்றும் வெறும் வளையம். முதல் சோளகம் முடிந்து ஒரு சில்லைக் கழற்றிப் பார்த்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகியிருந்தது. உள்ளே கிறீஸும் மண்ணும் சேர்ந்து கறுத்த பசை. விரலில் தேய்த்தால் அரம் போலக் கரகரத்தது. அதுதான் இவ்வளவு நாளும் துளையை அராவியிருக்கிறது. அச்சு ஆடுவதால் சில்லு ஆடும், சில்லு ஆடுவதால் கார் கோட்டில் நிற்காது. பெடியள் றிமோட்டைக் குறை சொன்னார்கள். றிமோட்டில் ஒன்றுமில்லை.

ஆகவே வேகமான மோட்டாருக்கு ஆசைப்பட முன்னம் பெயாரிங் வாங்குங்கள். 11க்கு 5 மில்லிமீற்றர், 4 மில்லிமீற்றர் தடிப்பு, றப்பர் மூடி போட்டது. இது ஒன்றும் இந்தக் கம்பனிக்கே உரிய பொருள் அல்ல. அளவைச் சொன்னால் வேறு இடத்திலும் கிடைக்கும். மாற்றிய பிறகு பற்றரி நேரம் கூடியது, மோட்டார் சூடு குறைந்தது. பெயாரிங்கும் புழுதிக்குத் தப்பாது. அவ்வப்போது கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் போடுகிறேன். சட்டகத்தைத் தண்ணீரில் கழுவுவதில்லை. பழைய பல்துலக்கியும் சைக்கிள் பம்பும் போதும். வெளியே தெரியும் மூட்டுகளுக்குக் கிறீஸ் பூசவே வேண்டாம், புழுதியை அழைத்துவந்து குடியிருத்துவது அதுதான்.

தொட்டிக்கு மூடி அக்கா தைத்துத் தந்தாள். உடைந்த குடையின் சீலை, ஓரத்தில் ஒட்டும் நாடா. மோட்டாருக்கு மேல் மட்டும் திறந்து விட்டோம், இல்லாவிட்டால் சூடு வெளியே போகாது. முன் சில்லுகளுக்குப் பின்னால் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய சேற்றுத் தட்டு. உடலைப் பிடிக்கும் ஊசிகள் தொலைவதற்கென்றே செய்யப்பட்டவை. கட்டுக்கம்பியைக் குறட்டால் வளைத்தால் அதே வேலையைச் செய்கிறது.

உடைந்தவை என்று பார்த்தால் அதிகமில்லை. சில்லைத் தாங்கும் கைகள் முறியவில்லை, வளைந்து கொடுக்கும் பிளாஸ்ரிக். பலவீனமான இடம் சேர்வோவையும் திசைமாற்றியையும் இணைக்கும் பாதுகாப்புத் துண்டு. அடிபட்டால் சேர்வோவின் பல் உடையாமல் காப்பது அதன் வேலை. கிட்டில் வருவது தொளதொளத்துப் போய், நேராக விட்டாலும் கார் ஒரு பக்கம் இழுக்கும். வலுவான துண்டு தனியாக விற்கிறார்கள். முதல் நாளிலேயே அதைப் போட்டுவிடலாம். ரயரை றிம்மோடு சுப்பர் குளூவால் ஒட்டுவதையும் தவறவிடாதீர்கள், வளைவில் ரயர் தனியே கழன்று ஓடும்.

பற்றரி விஷயம் 2022இல் சோதனையாகிவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. சாப்பாட்டுக்கும் டீசலுக்கும் வரிசையில் நிற்கும் நேரத்தில் விளையாட்டுக் காருக்கு யார் மின் தேடுவார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகள்தான் தேடினார்கள். பள்ளிக்கூடமும் ஒழுங்காக இல்லாத காலம். எங்கள் சார்ஜர் 12 வோல்ட்டிலும் வேலை செய்யும் வகை. சோலாருக்கு வைத்திருந்த பற்றரியில் கொழுவிவிட்டோம். சார்ஜர் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய அந்த வருடத்தில் ஒரு உதிரிப்பாகமும் வாங்கவில்லை. கட்டுக்கம்பியும் ரியூப்பும் வந்தது அப்போதுதான்.

7.2 வோல்ட் நிக்கல் பற்றரியோடேயே நிற்கிறேன். லிதியம் பொலிமர் போட்டால் வேகமும் நேரமும் கூடும், உண்மை. ஆனால் பெட்டியோடு வந்த கட்டுப்பாட்டுக் கருவியில் மின்னழுத்தம் இறங்கியதும் நிறுத்தும் வசதி இல்லை. லிதியத்தை அளவுக்கு மேல் இறங்கவிட்டால் அது கெடும், பிறகு சார்ஜ் பண்ணும்போது வீங்கவும் கூடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில், கூரைக்கு அடியில் அந்த விளையாட்டு வேண்டாம். பற்றரி சூடாக இருக்கும்போது உடனே சார்ஜுக்குப் போடவும் வேண்டாம். எங்கள் வெயிலில் அது ஆறவே நேரம் எடுக்கும்.

வெளியூரிலிருந்து வந்து ஓட்ட நினைப்பவர்களுக்கு ஒன்று. சிவப்புப் பலகையில் மண்டையோடு இருந்தால் விளக்கம் தேவையில்லை. பலகை இல்லாத பற்றைக்காட்டுக்குள்ளும், ஆள் நடமாட்டம் இல்லாத காணிக்குள்ளும் கார் போனால் பின்னால் இறங்காதீர்கள். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடம் இழுபட்டது என்று தெரியும்தானே. நாங்கள் பள்ளிக்கூட மைதானம், தளம், தினமும் மாடு போகும் ஒழுங்கை என்று மட்டும் வைத்திருக்கிறோம். கார் கண்ணுக்கு எட்டும் தூரத்தைத் தாண்டக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

கிரவலில் மட்டுமே ஓட்டப் போகிறீர்கள், கையில் காசும் இருக்கிறது என்றால் தமியாவின் எக்ஸ்வி வரிசையைப் பாருங்கள். எக்ஸ்வி-01 றாலிக்கென்றே செய்த, நன்றாக மூடிய சட்டகம், மோட்டாரும் முன்னுக்கு. எக்ஸ்வி-02 அதற்குப் பின் வந்தது. விலை கூட. குவாட்ரோவின் முகம் பிடித்து, பிள்ளைகளோடு இருந்து பூட்டவும் கழற்றவும் ஆசை என்றால் டிடி-02 போதும், உதிரிப்பாகமும் எல்லா நாட்டிலும் கிடைக்கும். ஆட்களிடம் சொல்லிவிடும்போது கிட்டோடு பெயாரிங், வலுவான சேர்வோ துண்டு, எண்ணெய் டாம்பர், ஒரு மேலதிகப் பினியன் (மோட்டாரில் பூட்டும் சின்னக் கியர்), நல்ல ஜப்பான் திருப்புளி எல்லாவற்றையும் ஒரே பொதியில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் அடுத்த லீவுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்களுக்கு அடுத்ததாக மோட்டார் வேண்டும். இருக்கிற மோட்டார் புழுதி தின்று, சத்தம் போடத் தொடங்கிவிட்டது. அது திறந்து திருத்தும் வகையில்லை. மச்சானுக்குச் சொல்லியாகிவிட்டது. இந்த முறை இரண்டு கேட்டிருக்கிறேன்.