கட்டைவிரல் திரும்பவும் கத்தரிக்கோலுக்குள்: ஆக்ட்ரியோடைட் ஊசி, பதினான்கு மாதம்

நான் தையல்காரன். அக்ரோமெகாலி (வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரந்து கை, கால் பெருத்துப்போகும் நோய்) என்ற பேர் எனக்குத் தெரிவதற்கு மூன்று வருடம் முன்பே என் கத்தரிக்கோலுக்குத் தெரிந்துவிட்டது. பிடிக்குள் கட்டைவிரல் போகவில்லை. பெரிய பிடி வைத்த கத்தரி வாங்கினேனே தவிர விரலைச் சந்தேகப்படவில்லை. செருப்பு 8லிருந்து 10க்குப் போனது. அந்த ஹார்மோனைச் சுரக்கும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்தார்கள். பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக் கிடந்த மிச்சத்தில் கை வைக்க முடியவில்லை. வளர்ச்சி ஹார்மோன் அடங்காததால் இந்த ஊசி: ஆக்ட்ரியோடைட் எல்.ஏ.ஆர்., அதாவது உடம்பில் மெதுவாக இறங்கி நாள்பட வேலை செய்யும் வகை. முதல் மூன்று மாதம் 20 மி.கி., அப்புறம் 30. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, புட்டத்தில், இடம் வலம் மாற்றி மாற்றி.

கேட்கிறதா என்றால், கேட்கிறது. இரண்டாம் ஊசிக்குள் ராத்திரி வியர்வை நின்றது. வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை ஐ.ஜி.எஃப்-1. 680 இருந்தது ஆறாம் மாதம் 290. இப்போது லேப் போடும் எல்லைக்குள். மோதிரம் சோப்பு போடாமலே கழல்கிறது, பழைய கத்தரியும் கைக்கு வந்துவிட்டது. செருப்பு மட்டும் 10தான். வீக்கம் வடியும், வளர்ந்த எலும்பு சுருங்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

வயிறுதான் படுத்தியது. முதல் நாலைந்து ஊசிக்கு வயிற்றுப்போக்கு, வாயு. கல்யாண வீட்டுப் பக்கமே போகவில்லை. சர்க்கரையும் கொஞ்சம் ஏறியது. பித்தப்பையில் கல் சேரலாம் என்பதால் அவ்வப்போது ஸ்கேன்.

பெரிய தலைவலி, கலப்பதில். பொடி தனி, திரவம் தனி. வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் ஒருமுறை பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கலந்தார்கள். பாதியில் ஊசி அடைத்துக்கொண்டது. ஒரு மாதச் சம்பாத்தியம் குப்பைக்கூடையில். இப்போதெல்லாம் டப்பாவோடு உள்ளே இருக்கும் தாளையும் பிரித்து நீட்டிவிடுவேன். கலப்பதற்கு முன் மருந்து பிரிட்ஜுக்கு வெளியே குறைந்தது அரை மணி நேரம் இருக்க வேண்டும். திரவம் விட்டதும் பொடி ஊற ஐந்து நிமிடம், பிறகுதான் குலுக்கல், குலுக்கியதும் உடனே போட்டுவிட வேண்டும். சிஸ்டர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, பால் மாதிரி கட்டியில்லாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் நானும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். காஜாவில் பிசிறு தேடும் கண்தானே.

இந்தக் கலக்கும் பாடு வேண்டாம் என்பவர்கள் இதே வகை மருந்தான லான்ரியோடைட் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அது சிரிஞ்சில் நிரப்பியே வருகிறது.

மருந்துக்கு ஐந்துக்கு நாலு. விலைக்கு மார்க் போட மனசு வரவில்லை.