கேமராவைத் தாங்கும் கைகள்: மேஜிக் ஆர்ம், கூஸ்நெக், ரப்பர் பந்து, ஸ்பிரிங் ஆர்ம் ஓர் ஒப்பீடு

முக்காலியை விரிக்க இடமில்லாதபோதுதான் கிளாம்ப் ஆர்மின் தேவை எழுகிறது. அதன் ஒரு முனை மேசை விளிம்பையோ அலமாரிச் சட்டத்தையோ ஸ்டாண்டின் குழாயையோ கவ்விக்கொள்ள, மறுமுனையில் கேமராவோ மைக்கோ சிறிய மானிட்டரோ விளக்கோ அமர்கிறது. இவை எல்லாம் கடைகளில் ஏறக்குறைய ஒரே பெயரில் விற்கப்படுவதால், வாங்குபவர் பெரும்பாலும் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிலோ கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார். முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

மூட்டைத் தளரச் செய்வது எடை மட்டுமன்று. எடையும் தொலைவும் சேர்ந்த திருப்பு விசை. லென்ஸோடு 1.2 கிலோ வரும் ஒரு கேமரா மூட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருந்தால், அந்த மூட்டின்மேல் விழும் திருப்பு விசை சுமார் 2.4 நியூட்டன் மீட்டர். அதே கேமராவை 50 செ.மீ. தொலைவுக்கு நீட்டினால் அது 5.9 ஆகிவிடுகிறது. 200 கிராம் கைப்பேசியோ அதே 50 செ.மீ. தொலைவிலும் 1 நியூட்டன் மீட்டரைத் தாண்டுவதில்லை. ஆகவே, எத்தனை செ.மீ. நீட்டிய நிலையில் என்று சொல்லாமல் 'இத்தனை கிலோ தாங்கும்' என்று மட்டும் சொல்லும் ஆர்மைப் பற்றி நமக்கு ஒன்றுமே சொல்லப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். நீளத்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு: ஒரே தடிமனுள்ள கைகளில், நீளம் இரண்டு மடங்கானால், முனையில் தொங்கும் அதே எடைக்கு வளைவு எட்டு மடங்காகும். தேவைக்கு மேல் நீளமான ஆர்மை வாங்குவது அதிர்வை விலை கொடுத்து வாங்குவதாகும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், வகைகளுக்கிடையே உள்ள வேறுபாடு மூட்டுக்குள் எது எதன்மேல் உரசுகிறது என்பதிலேயே அடங்கிவிடுகிறது.

படப்பிடிப்புத் தளங்களில் 'மேஜிக் ஆர்ம்' என்று அழைக்கப்படுவது, இரு முனைகளிலும் பந்து மூட்டும் நடுவில் முழங்கை போன்ற ஒரு மூட்டும் கொண்டது. முழங்கையிலுள்ள திருகை இறுக்கும்போது, இரண்டு குழாய்களுக்குள்ளும் ஓடும் தண்டுகள் வெளிநோக்கித் தள்ளப்பட்டு முனைப் பந்துகளை அழுத்துகின்றன. ஒரே திருகலில் மூன்று மூட்டுகளும் பூட்டிக்கொள்கின்றன. இயந்திரப் பட்டறைகளில் டயல் கேஜ் பிடிக்கப் பயன்படும் கைகளிலும் இதே உத்தியைக் காணலாம். நூறில் ஒரு மில்லிமீட்டரை அளக்கும் கருவியை அசையாமல் நிறுத்த இந்த அமைப்பை நம்புகிறார்கள் என்பதே அதற்குப் போதுமான சான்று.

அதன் பலவீனமும் அந்த ஒற்றைத் திருகிலேயே இருக்கிறது. திருகைத் தளர்த்தினால் மூன்று மூட்டுகளும் ஒரே நேரத்தில் துவண்டுவிடும். மறு கை கேமராவின்மேல் இல்லாவிட்டால் லென்ஸ் மேசையில் மோதும். நெம்புகோல் வைத்த வகையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அது ஒரு தட்டலில் பூட்டும், ஒரு தட்டலில் முழுதாக விடும். திருகு வைத்த வகையிலோ பாதி இறுக்கத்தில் நிறுத்தி, ஆர்ம் சற்றே முரண்டு பிடிக்கும் நிலையில் காட்சிச் சட்டகத்தைத் திருத்திக்கொண்டு, பிறகு முழுதாக இறுக்கலாம். வேகம் வேண்டும் என்பவருக்கு நெம்புகோல் பிடிக்கும்; என் தேர்வு திருகுதான். விலை குறைந்த 7 அங்குல, 11 அங்குல ஆர்ம்களிலும் திருகே இருக்கிறது, ஆனால் அவற்றில் பந்து சிறியது. பந்தின் ஆரம் சிறிதானால், அதே அழுத்தத்தில் கிடைக்கும் பிடிப்பும் அந்த அளவுக்குக் குறையும். ஒரு முறை மின்சுற்றுப் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பதை மேலிருந்து பதிவு செய்ய 11 அங்குல ஆர்ம் ஒன்றில் கேமராவைத் தொங்கவிட்டேன். தொடங்கும்போது சட்டகத்தின் நடுவில் இருந்த பலகை, இருபது நிமிடப் பதிவின் முடிவில் மேல் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. ஆர்ம் விழவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் தாழ்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அதன் பிறகு அந்த ஆர்ம் சிறிய மானிட்டருக்கு மட்டுமே பயன்படுகிறது, அந்த வேலையில் குறையே இல்லை. (மூட்டு கரகரக்கிறது என்று எண்ணெய் விடுபவர்கள் உண்டு. உராய்வை நம்பி நிற்கும் மூட்டுக்கு எண்ணெய் விடுவதைவிடப் பெரிய தீங்கு இல்லை.)

வளைத்த இடத்தில் நிற்கும் குழாயான கூஸ்நெக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஃகுச் சுருள் கம்பியின் இடைவெளிகளில் இன்னொரு கம்பி இறுகப் பதிந்திருப்பதால் எழும் உராய்வே அதை வளைத்த இடத்தில் நிறுத்துகிறது. ஆனால் சுருள் என்பதால் விட்டவுடன் சிறிது பின்வாங்கும். வேண்டிய இடத்தைத் தாண்டி வளைத்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டியிருக்கிறது. மேசையில் ஒருவர் தட்டச்சு செய்தாலே முனை ஆடத் தொடங்கி, அடங்கச் சில விநாடிகள் ஆகும். மைக்குக்கும் சிறு விளக்குக்கும் சரி; கேமராவுக்குக் கூடாது. கைப்பேசியை வைத்து அசையாப் படம் எடுப்பவர்கள் டைமரைப் போட்டுவிட்டு ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தால் ஒருவாறு சமாளிக்கலாம்.

ரப்பர் பந்து வகை நேர் எதிரானது. ராம் மவுன்ட்ஸ் தயாரிப்புகளால் பரவலாக அறியப்பட்ட இந்த அமைப்பில், ரப்பர் போர்த்திய இரண்டு பந்துகளை ஒரு குட்டையான இரட்டைத் தகடு இருபுறமும் கவ்வுகிறது. நடுவில் ஒரே திருகு. 1 அங்குலம், 1.5 அங்குலம் எனப் பந்தின் அளவு கூடக்கூடத் தாங்கும் திறனும் கூடுகிறது. உலோகத்தின்மேல் உலோகம் உரசும் மூட்டு அதிர்வை அப்படியே கடத்திவிட, ரப்பர் அதில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கிறது. வாகனம், படகு, மிதிவண்டிக் கைப்பிடி ஆகியவற்றில் இதை மிஞ்ச வேறொன்று இல்லை. குறை நுணுக்கத்தில் இருக்கிறது. சட்டகத்தைச் சரிசெய்துவிட்டு இறுக்கும்போது ரப்பர் நசுங்கி, காட்சி ஒரு பாகை அளவுக்கு விலகிவிடும். அந்த விலகலை முன்கூட்டியே கணித்து வைக்கக் கை பழக வேண்டும். ஆர்மின் நீளமும் குறைவு என்பதால் மேசையின் நடுப்பகுதிக்கு எட்டாது.

ஸ்பிரிங் ஆர்ம் மற்றவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது, ஏனெனில் அது உராய்வை எதிர்பார்ப்பதே இல்லை. வாகனங்களின் சஸ்பென்ஷன் பொறியாளரான ஜார்ஜ் கார்வர்டைன் 1932-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, பின்னர் ஆங்கிள்பாய்ஸ் மேசை விளக்காகப் புகழ்பெற்ற அமைப்பின் வழிவந்தது இது: எடை கீழே இழுக்கும் அளவுக்கு ஸ்பிரிங் மேலே இழுப்பதால், விட்ட இடத்தில் கை நிற்கிறது. ஒரு நாளில் இருபது முறை இடம் மாற்ற வேண்டிய மைக்குக்கோ வெப்கேமுக்கோ இதுவே ஏற்றது. பூட்டவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். ஆனால் சமநிலை என்பது ஒரு குறிப்பிட்ட எடை வரம்புக்குள் மட்டுமே. எடை குறைந்தால் கை தானாக மேலெழும், கூடினால் தாழும். லென்ஸை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் திருத்த வேண்டியிருந்தால் அதன் பயனே போய்விடுகிறது. மேசையைத் தட்டினால் ஸ்பிரிங் ரீங்கரிப்பதும் மைக்கில் பதியும்.

உராய்வோ ஸ்பிரிங்கோ இல்லாமல், பல் வைத்த இரு வட்டத் தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் ரோசெட் மூட்டுகளும் உண்டு. அவை வழுக்குவதே இல்லை, ஆயினும் 60 பற்கள் உள்ள ஒன்றில் ஒரு பல் நகர்ந்தால் 6 பாகை மாறிவிடும். கேமராவின் கைப்பிடிகளுக்கு அது பொருந்தும், சட்டகம் அமைக்கப் பொருந்தாது.

இனி கவ்வும் முனை. என் அனுபவத்தில் தோல்விகள் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கின்றன, பழியோ ஆர்ம்மேல் விழுகிறது. மேன்ஃப்ரோட்டோவின் சூப்பர் கிளாம்ப் 13 முதல் 55 மி.மீ. வரை தடிமனுள்ளவற்றைக் கவ்வும். அதன் எடை வரம்பு 15 கிலோ. அதே நிறுவனத்தின் மேஜிக் ஆர்முக்கு வரம்பு 3 கிலோதான். இரண்டையும் இணைத்தால் ஆர்ம்தான் முதலில் தோற்க வேண்டும். ஆயினும் குழாயைக் கவ்வியிருக்கும்போது கிளாம்பே அச்சில் சுழன்று தோற்பதைப் பார்த்திருக்கிறேன். முன்பு சொன்ன 5.9 நியூட்டன் மீட்டரை 25 மி.மீ. குழாயின்மேல் நிறுத்த வேண்டுமானால், 12.5 மி.மீ. ஆரத்தில் சுமார் 470 நியூட்டன் உராய்வு வேண்டும். அது கிட்டத்தட்ட 48 கிலோ எடைக்குச் சமமான விசை. 50 மி.மீ. குழாயில் அதில் பாதி போதும். எனவே தடித்த குழாயைத் தேர்ந்தெடுப்பதும், ஆர்மைக் குழாய்க்குக் குறுக்கே நீட்டாமல் குழாயின் போக்கிலேயே நீட்டுவதும் எந்த விலையுயர்ந்த கிளாம்பையும்விட அதிகப் பலன் தரும். குழாயின் போக்கில் நீட்டினால் எடை கிளாம்பைச் சுழற்றுவதில்லை, குழாயை வளைக்கவே பார்க்கிறது. நண்டுக் கொடுக்கு போன்ற சிறு கிளாம்புகள் குழாய்க்கும் பலகைக்கும் பொதுவானவை என்றாலும், தாடை குறுகியது என்பதால் எடை குறைந்த கருவிகளோடு நின்றுவிடுவது நல்லது. மேசைப் பலகைக்குத் G எழுத்து வடிவில், தட்டையான தாடையுள்ள ஜி-கிளாம்பே சிறந்தது.

கேமராவின் அடியிலுள்ள 1/4 அங்குலத் திருகையும் மறக்கலாகாது. கனமான லென்ஸ் முன்னால் இழுக்கும்போது, பக்கவாட்டில் பொருத்திய கேமரா அந்தத் திருகின்மேலேயே சுழலும்; அது கழலும் திசையாக இருந்தால் எத்தனை இறுக்கியும் பயனில்லை. எடை எப்பக்கம் இழுத்தால் மரை இறுகுமோ அப்பக்கமாகக் கேமராவை வைக்க வேண்டும். வாய்ப்பிருந்தால் 3/8 அங்குலத் திருகையோ, சுழலாமல் தடுக்கும் ஊசிகள் கொண்ட முனையையோ தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு கிலோவைத் தாண்டிய கேமரா ஓர் இடத்தில் நெடுநேரம் நிற்க வேண்டுமென்றால், பெரிய பந்துள்ள திருகு வகை மேஜிக் ஆர்மை, அதுவும் எட்டும் அளவில் மிகக் குட்டையானதை வாங்குவேன். அசையும் வாகனத்தில் சிறு கேமராவுக்கு ரப்பர் பந்து. அடிக்கடி இடம் மாறும் மைக்குக்கு ஸ்பிரிங் ஆர்ம். ஆள் தலைக்கு மேல் தொங்கும் எதுவாயினும், ஆர்ம் எவ்வகையாக இருந்தாலும், எஃகுப் பாதுகாப்புக் கம்பி ஒன்றைக் கேமராவிலிருந்து நேரடியாகக் குழாயிலோ கூரைச் சட்டத்திலோ கட்டிவிடுவேன். ஆர்மிலோ கிளாம்பிலோ கட்டுவதில்லை.