செல்போனில் அறிவியல் பாடம்: ஃபெட்டா, ஃபைஃபாக்ஸா, கியூஆர் காணொலியா?

அறிவியல் ஆப்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. நம்மூர்ப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் மாணவர்கள் போன் கொண்டுவரக் கூடாது. ஆக, நாற்பது பேர் உள்ள வகுப்பில் இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் ஆசிரியருடையது. ஹைடெக் லேபோ ஸ்மார்ட் போர்டோ இருந்தால் கொஞ்சம் வசதி. ‘ஆளுக்கொரு டேப்லெட்’ என்ற கனவில் எழுதப்படும் ‘சிறந்த பத்து ஆப்கள்’ பட்டியல்கள் இங்கே காலணாவுக்குப் பயன்படாது. நாம் கேட்க வேண்டியது வேறு: அந்த ஒற்றை போனை வைத்துக்கொண்டு, வகுப்பு முழுவதையும் யோசிக்கவைக்க எந்த ஆப்பால் முடியும்?

போட்டியில் முக்கியமாக மூன்று. முதலாவது ஃபெட். இயற்பியலில் நோபல் பெற்ற கார்ல் வீமன், பரிசு கிடைத்த மறு ஆண்டு, 2002-ல், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய உருவகப்படுத்தல் (சிமுலேஷன்) தொகுப்பு; சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். இரண்டாவது ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட இலவச ஆப்; போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் சென்சார்களை வைத்தே அளவெடுக்கிறது. மூன்றாவது, பாடப்புத்தகத்திலேயே அச்சாகி வரும் கியூஆர் குறியீடும் அதைத் திறக்கும் தீக்‌ஷா ஆப்பும்.

மூன்றையும் ‘கல்வி ஆப்’ என்று ஒரே கூடையில் போடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஃபெட்டில் போன் ஒரு விளையாட்டுத் திடல், ஃபைஃபாக்ஸில் அது அளவுகோல், தீக்‌ஷாவில் அது டிவி. எந்தப் பாடத்துக்கு எது என்று பார்த்தால்தான் ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கும்.

தனி ஊசல்

ஃபெட்டின் ஊசல் ஆய்வகத்தில் நூலின் நீளத்தையும் குண்டின் நிறையையும் விரலால் நகர்த்தி மாற்றலாம். நிறையைக் கூட்டினாலும் அலைவு நேரம் மாறாது, நீளத்தைக் கூட்டினால் மாறும். இரண்டே நிமிடத்தில் காட்டிவிடலாம். சிக்கலே அதுதான். ‘கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுது’ என்று பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள். நூலும் கல்லும் கட்டி ஆட்டும்போது வருகிற ‘அட, கனமான கல்லும் அதே நேரம்தான் எடுக்குதே!’ திரையில் வராது.

ஃபைஃபாக்ஸில் ஊசலுக்கென்றே தனிச் சோதனை உண்டு. போனையே ஒரு மஞ்சப்பையில் போட்டுத் தொங்கவிட்டு ஆட்டினால், அலைவு நேரத்தை அதுவே கணக்கிடும். நீளத்தைக் கொடுத்தால் புவியீர்ப்பு முடுக்கத்தையும் சொல்லும். ஆனால் இதற்குச் சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப் வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது இருக்காது. தவிர, தவணை இன்னும் கட்டி முடியாத போனைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட எந்த ஆசிரியருக்கு மனசு வரும்?

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. போனை மேசையில் படுக்கவைத்துவிட்டு, குண்டுக்குப் பதில் ஒரு சின்னக் காந்தத்தைக் கட்டி அதன் மேலே, ஒரு சாண் உயரத்தில் ஆடவிடுங்கள். காந்தப்புல சென்சாரின் வரைபடத்தில், காந்தம் கீழே வரும் ஒவ்வொரு முறையும் ஒரு முகடு எழும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலுக்கு அலைவு நேரம் ஏறக்குறைய 2 நொடி. வரைபடத்திலோ ஒரு நொடிக்கு ஒரு முகடு வரும். விடை ஏன் பாதியாக வருகிறது என்று வகுப்பிடமே கேளுங்கள். ஒரு முழு அலைவில் காந்தம் போனை இரண்டு முறை கடக்கிறது என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். அந்த ஐந்து நிமிட வாக்குவாதத்தைத் தயாரித்துக் கொடுக்க ஃபெட்டால் முடியாது.

ஆனால் நிலாவுக்குப் போக ஃபெட் மட்டும்தான் வழி. அதே ஒரு மீட்டர் ஊசல் நிலாவில் ஏறத்தாழ 5 நொடி எடுக்கும். வியாழனையும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். கையால் செய்துவிட்டு அப்புறம் நிலாவுக்குப் போவதுதான் சரியான வரிசை. தலைகீழாகப் போனால், திரையில் ஏற்கெனவே பார்த்த விடையை ஒப்பிக்கும் வேலையாகச் செய்முறை சுருங்கிவிடும்.

ஒலியின் வேகம்

இதில் ஃபைஃபாக்ஸுக்குப் போட்டியே இல்லை. ஃபெட்டிலும் அலைகளைக் காட்டும் பகுதி இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் உங்கள் பள்ளி வராந்தாவின் காற்றில் ஒலி எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அதைக் கேட்க முடியாது.

ஃபைஃபாக்ஸில் ஒலியைக் கேட்டு ஓடும் நிறுத்துகடிகாரம் ஒன்று உண்டு: முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டு போன் வேண்டும். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். முதல் போன் பக்கத்தில் ஒரு மாணவர் கைதட்ட வேண்டும். அந்த போன் உடனே ஓடத் தொடங்கும். இரண்டாவது, ஒலி வந்து சேர்ந்த பிறகுதான் ஓடும். பிறகு இரண்டாவது போன் பக்கத்தில் இன்னொருவர் கைதட்ட வேண்டும். அது உடனே நிற்கும். முதலாவது தாமதமாக நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரத்தின் வித்தியாசம்தான் ஒலி 5 மீட்டர் போய், 5 மீட்டர் வர ஆன நேரம். 30 டிகிரி வெயிலில் அது 0.0286 நொடி வாக்கில் இருக்கும். 10 மீட்டரை அதால் வகுத்தால் நொடிக்கு 350 மீட்டர்.

பாடப்புத்தகத்தில் 331 என்று படித்த பிள்ளைகள் ‘தப்பா வருது’ என்பார்கள். தப்பில்லை. 331 என்பது பூஜ்ஜிய டிகிரிக்கான மதிப்பு. ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 கூடும். இந்த ஊர் வெயிலில் 350-தான் சரி. இவ்வளவு குறைந்த இடைவெளியில் ஆயிரத்தில் ஒரு நொடி பிசகினாலே விடை 338-க்கோ 362-க்கோ ஓடிவிடும். ஆகவே பலமுறை தட்டிச் சராசரி எடுக்க வேண்டும், அல்லது வராந்தாவின் நீளம் முழுவதையும் பயன்படுத்த வேண்டும். பிழையைப் பற்றிப் பேச இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

மின்சுற்று

இங்கே நிலைமை தலைகீழ். தொடரிணைப்பு, பக்க இணைப்பு பாடத்துக்கு நிஜ பல்புகளும் மின்கலங்களும் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். கடையில் வாங்கிய இரண்டு டார்ச் பல்புகள் ஒரே மாதிரி எரியாது. கம்பி முனை சரியாகத் தொடாது. மின்கலம் பாதி தீர்ந்திருக்கும். பிள்ளைகள் கோட்பாட்டோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, துருப்பிடித்த இணைப்போடு மல்லுக்கட்டுவார்கள்.

ஃபெட்டின் மின்சுற்றுப் பகுதியில் எலெக்ட்ரான்கள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இன்னொரு பல்பைத் தொடராகச் சேர்த்தால் சுற்று முழுக்க ஓட்டம் மந்தமாகும். ‘முதல் பல்பே மின்னோட்டத்தைத் தின்றுவிடும்’ என்ற நெடுநாள் தவறான எண்ணம் அந்த இடத்திலேயே அடிபடும். குறுக்குச்சுற்று செய்தால் மின்கலம் தீப்பிடிக்கும், யாருக்கும் கை சுடாது. 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவுக்கு நிஜக் கருவிகளையும் இன்னொரு பிரிவுக்கு இந்த உருவகப்படுத்தலையும் கொடுத்துப் பார்த்தார்கள். கோட்பாட்டுக் கேள்விகளில் மட்டுமல்லாமல், நிஜச் சுற்றைக் கட்டுவதிலும் ஃபெட் பிரிவே முந்தியது. ஆய்வு செய்தவர்கள் ஃபெட்டை உருவாக்கிய அதே பல்கலைக்கழகத்தினர் என்பதை மறக்க வேண்டாம். இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றிய பாடத்தில் இந்த முடிவு எனக்கு நம்பும்படியாகவே இருக்கிறது.

அணு அமைப்பு, வாயுத் துகள்கள், வேதிச் சமன்பாடு ஆகியவற்றுக்கும் ஃபெட்தான். இங்கெல்லாம் ஃபைஃபாக்ஸுக்கு வேலையே இல்லை.

காந்தவியலில் மட்டும் ஒரு குறிப்பு. தமிழகத்தின் தென்கோடி, புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடும் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் கேரளத்தின் தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கும் அந்த நடுக்கோட்டின் அருகாமைதான் காரணம். கன்னியாகுமரிப் பக்கம் இருப்பவர்கள் ஃபைஃபாக்ஸின் காந்தமானியைத் திறந்து, போனை இரும்பு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் மட்டமாக வைத்துப் பாருங்கள். மொத்தப் புலம் 40 மைக்ரோடெஸ்லா வாக்கில் இருக்க, செங்குத்துக் கூறு அதில் மிகச் சின்னப் பங்காகத்தான் வரும். சரிவுக் கோணம் (புவியின் காந்தப்புலம் தரைமட்டத்தோடு உண்டாக்கும் கோணம்) பற்றிய பாடப்புத்தகப் பத்தியை உள்ளூரிலேயே சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இது.

கியூஆர் காணொலிகள்

2017 ஆசிரியர் தினத்தன்று தீக்‌ஷா தொடங்கப்பட்டது. 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலேயே கியூஆர் குறியீடு இடம்பிடித்தது. இதன் பலம் வெளிப்படை: தமிழில் இருக்கிறது, பாடத்தோடு ஒட்டிப்போகிறது, தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பள்ளிக்கு வராத பிள்ளை வீட்டில் அம்மா போனில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வகுப்பு நேரத்தில், ஆசிரியர் எதிரிலேயே நிற்கும்போது, இன்னொரு ஆசிரியர் பேசும் காணொலியை ஆறு அங்குலத் திரையில் நாற்பது பேருக்குக் காட்டுவதில் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை. எரிமலை, இதயத்தின் துடிப்பு போன்றவற்றுக்குச் சரி. மற்றதெல்லாம் வீட்டுக்கு.

உயிரியலில் இந்த மூன்றுமே கொஞ்சம் தடுமாறுகின்றன. அங்கே கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் ஆப்பைத்தான் சொல்வேன். நம் பகுதிக்கான தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், பள்ளி மரத்தில் கூவுவது குயிலா செண்போத்தா என்று இணையம் இல்லாமலே யூகித்துச் சொல்லும். சில நேரம் தப்பாகவும் சொல்லும். கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் வேலை பிள்ளைகளுக்கு. ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு இது நல்ல ஒத்திகை.

செலவும் சில்லறைத் தொல்லைகளும்

ஃபெட்டின் போன் ஆப்புக்குச் சிறு விலை உண்டு. ஆனால் அதே உருவகப்படுத்தல்கள் அதன் இணையதளத்தில் இலவசம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக இறக்கி பென்டிரைவில் எடுத்துப்போய் ஸ்மார்ட் போர்டில் திறக்கலாம். சிலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. ஃபைஃபாக்ஸில் இன்னொரு வசதி: போனின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து, ஆப் காட்டும் முகவரியை உலாவியில் அடித்தால் வரைபடம் பெரிய திரையில் நேரடியாக ஓடும். இதற்கு டேட்டா தேவையில்லை.

யார் நடத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். 2016-ல் கூகுள் கொண்டுவந்த சயின்ஸ் ஜர்னல் என்ற நல்ல ஆப் 2020-ல் அர்டுயினோ என்ற மின்னணு நிறுவனத்துக்குக் கைமாறியது. அதே ஆண்டின் இறுதியில், உலாவிகளில் அசைபடங்களை ஓடவைத்த ஃப்ளாஷ் மென்பொருள் நிறுத்தப்பட்டு, அதில் எழுதிய பழைய உருவகப்படுத்தல்கள் ஏராளமாகப் படுத்துவிட்டன. பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஃபெட்டும் ஃபைஃபாக்ஸும் இதுவரை தாக்குப்பிடித்திருக்கின்றன.

ஒன்றுதான் நிறுவ முடியும் என்றால் ஃபைஃபாக்ஸை நிறுவுங்கள். ஃபெட்டுக்கு உலாவியே போதும். ஒலிச் சோதனைக்கு முன்னால் மின்விசிறியை நிறுத்தி, எவ்வளவு சத்தத்துக்குக் கடிகாரம் ஓட வேண்டும் என்ற வரம்பைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். அதைவிட முக்கியம், போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு ஹாட்ஸ்பாட்டோ வைஃபையோ தேவைப்பட்டால் மட்டும் திறப்பது. இல்லாவிட்டால் இரண்டாவது மாணவர் கைதட்டும் முன்பே, ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் ‘இனிய காலை வணக்கம்’ கடிகாரத்தை நிறுத்திவிடும்.