ராயக்கோட்டை மலையை அச்சிட: செம்புத் தகடா, சுண்ணாம்புக் கல்லா?

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, ஜெகதேவி என்று நம் பக்கத்து மலைக்கோட்டைகளின் பழைய படங்கள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன. பலவற்றின் கீழே ‘அரிய கல்லச்சுப் படம்’ என்று, அதாவது சுண்ணாம்புக் கல்லில் வரைந்து அச்செடுத்த லித்தோகிராஃப் என்று எழுதியிருப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் படமென்றால் அது கல்லச்சாக இருக்கவே முடியாது. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் பாராமகால் (நம் வட்டாரத்தின் பழைய பெயர்) வழியாக வரைந்துகொண்டே போனவர்கள். அந்தப் பயணத்தில் பார்த்த ராயக்கோட்டை, லண்டனில் 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் இருக்கிறது. அதிலுள்ள 144 படங்களும் செம்புத் தகட்டில் எடுத்த அக்வாடின்ட். கல்லச்சு முறையை அலோய்ஸ் செனஃபெல்டர் பவேரியாவில் கண்டுபிடித்ததே 1790-களின் பிற்பகுதியில்தான். இங்கிலாந்தில் அவர் காப்புரிமை பெற்றது 1801-இல்.

பெயர் மாறினால் என்ன என்று விட்டுவிடக் கூடாது. இரண்டும் மலையைப் பார்க்கும் விதமே வேறு.

அக்வாடின்டில் தகட்டின் மேல் பிசின் தூளைத் தூவிச் சூடு காட்டி ஒட்டவைப்பார்கள். பிறகு அமிலத்தில் இறக்கினால், தூளுக்கு இடையில் உள்ள செம்பை மட்டும் அமிலம் அரிக்கும். வெளிறியே இருக்க வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு, மறுபடியும் அமிலத்தில் விடுவார்கள். இப்படிப் படிப்படியாக நிறம் கனக்கும். மழை மேகம், தூரத்து மலையின் நீலம், மாலை வெளிச்சம் ஆகியவற்றுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. வண்ணத்தை அச்சுக்குப் பின் கையால் தீட்டுவதும் உண்டு என்பதால், ஒரே தகட்டில் எடுத்த இரண்டு பிரதிகளின் வானம்கூட ஒன்றாக இருக்காது. குறை என்னவென்றால், வரைபவரின் கைக்கும் தாளுக்கும் நடுவில் அமிலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பென்சிலால் வரைந்ததைச் செம்புக்கு மாற்றும்போது பாறையின் சொரசொரப்பு மழுங்கிவிடுகிறது. தகடும் சில நூறு பிரதிகளுக்குள் தேய்ந்து, படம் வெளுக்கத் தொடங்கும்.

கல்லச்சில் பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. தருமபுரி வட்டார நடுகற்களில் ஆய்வாளர்கள் எடுக்கும் மைப்படியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. மைப்படியில் ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தட்டி, மேலே மை ஒற்றுவார்கள். கல்லில் வெட்டிய பள்ளம்தான் எழுத்தாகத் தெரியும். கல்லச்சுக்குக் கல் முற்றிலும் சமதளமாக இருக்க வேண்டும். மெழுகு, கொழுப்பு, சோப்பு, விளக்குக் கரி கலந்த கட்டியால் அதன்மேல் நேரடியாக வரைகிறார்கள். பிறகு கருவேலம் பிசின் போன்ற கரைசலில் சில துளி நைட்ரிக் அமிலம் விட்டுப் பூசுகிறார்கள். வரைந்த இடம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், வரையாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். ஈரப் பஞ்சால் துடைத்து மை உருளையை ஓட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும், கோட்டில் மட்டும் ஏறும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள பகைதான் இதன் மொத்த சூட்சுமம்.

கல்லை மணல்போட்டு அரைத்து மெல்லிய சொரசொரப்பை உண்டாக்கியிருப்பார்கள். கட்டியைப் பட்டும் படாமலும் இழுத்தால், அந்தச் சொரசொரப்பின் முகடுகளில் மட்டும் கறுப்பு ஒட்டும். அழுத்தி இழுத்தால் குழிகளும் நிரம்பும். மழைநீர் வழிந்து வழிந்து கறுத்த பாறைச் சரிவு, ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் உருண்டைப் பாறைகள், இடுக்கில் காய்ந்து கிடக்கும் புல் எல்லாவற்றையும் ஒரே கட்டியின் அழுத்த வேறுபாட்டில் கொண்டுவந்துவிடலாம். வெயில் பட்டுப் பளிச்சிடும் விளிம்பு வேண்டுமென்றால் கத்தி முனையால் கீறினால் போதும். நம் மலைகளில் பார்க்க வேண்டியது வானத்தைவிடப் பாறைதான். அதனால் என் ஓட்டு கல்லச்சுக்கே.

கிரானைட் மலையையே வெட்டி ஏற்றுமதி செய்யும் மாவட்டத்தில் அச்சுக்கல்லுக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். கிரானைட் இதற்கு உதவாது. கட்டியில் உள்ள கொழுப்பு, சுண்ணாம்புக்கல்லின் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத சோப்பாக மாறிப் படிவதால்தான் படம் கல்லில் நிற்கிறது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்த நம் கல்லில் அந்த வேதிமாற்றம் நடக்காது. போதாக்குறைக்கு, கல் முழுவதும் ஒரே சீராகவும் இருக்காது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் கல் இன்றும் தேடப்படுவது அதன் நுண்மைக்காகவும் சீர்மைக்காகவும்தான். கல் கிடைக்காதவர்கள் துத்தநாகம் அல்லது அலுமினியத் தகட்டில் செய்கிறார்கள். தூக்குவதற்கு எளிது, ஆனால் கீறித் திருத்தும் வசதி பெரும்பாலும் போய்விடும்.

செம்பிலும் கல்லிலும் படத்தை இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். மாற்றாமல் வரைந்துவிட்டால் வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் போகலாம். ராயக்கோட்டையில் தினமும் பஸ் ஏறுபவர் மலை திரும்பி நிற்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். இன்றைய அச்சகங்களில் வழக்கமான ஆப்செட்டில் இந்தச் சிக்கல் இல்லை, தகட்டிலிருந்து ரப்பருக்கும் ரப்பரிலிருந்து தாளுக்கும் போவதால் படம் இரண்டு முறை திரும்பி நேராகிவிடுகிறது. அடிப்படையில் அதுவும் எண்ணெய்-தண்ணீர் அச்சுதான், ஆனால் வரைந்த கோடு புள்ளிகளாக உடைந்துதான் வரும். சுவருக்கு ஒரு படம் போதும் என்பவருக்கு நல்ல ஆப்செட்டோ டிஜிட்டல் பிரதியோ தாராளமாகப் போதும். அதைக் கல்லச்சின் விலைக்கு விற்பதுதான் அநியாயம்.

வாங்குமுன் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். வலைபோல் ஓடும் மைக்கு நடுவே குட்டிக் குட்டி வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, ஓரத்தில் தகடு அழுந்திய தடமும் இருந்தால் அக்வாடின்ட். தடம் இல்லாமல், மை தாளோடு சமமாகப் படிந்து, ஒழுங்கற்ற பொடிப்பொடியான கோடுகள் தெரிந்தால் கல்லச்சு. பல வண்ணப் புள்ளிகள் வரிசையாகச் சேர்ந்து சிறு பூப்போல் அமைந்திருந்தால் ஆப்செட். இன்றைய கலைஞரின் கல்லச்சு என்று சொல்லி விற்றால் தாளின் கீழோரத்தையும் பாருங்கள். 7/20 (இருபது பிரதிகளில் ஏழாவது) என்பது போன்ற எண்ணும் கையெழுத்தும் பென்சிலில் இருப்பதுதான் வழக்கம். அந்தக் கையெழுத்தே புள்ளிகளால் ஆகியிருந்தால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.