டெல்டாவில் ஓட்ட எந்தப் பழைய கார்? ஃபோர்டு ஏ, மாரிஸ் எய்ட், ஆஸ்டின் செவன்

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். யுத்தத்துக்கு முந்தைய கார் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால், இந்தச் சாலையை மனதில் வைத்துத்தான் பதில் சொல்வேன். நமக்கு மலை ஏறும் கவலை கிடையாது. பங்குனி வெயிலில் கரும்பு லோடு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போய், ஒவ்வொரு பாலமாக ஏறி இறங்கி, தண்ணீர் கொதிக்காமல், பிரேக் கைவிடாமல் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும். கண்காட்சியில் நிறுத்த எது அழகு என்பது வேறு பேச்சு.

1939-க்கு முன் வந்த கார்களில், பெரிய பணக்காரராக இல்லாதவரும் நினைத்துப் பார்க்கக்கூடியவை என்று நான் மூன்றைச் சொல்வேன்: ஃபோர்டு மாடல் ஏ, மாரிஸ் எய்ட், ஆஸ்டின் செவன். மூன்றும் அந்தந்தக் காலத்தில் மலிவு வண்டிகள். மூன்றும் நாலு சிலிண்டர் சைடு வால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும்) எஞ்சின். என்னிடம் இருப்பது 1936 மாரிஸ். ஒரு ரைஸ்மில் கொட்டகையில் உமி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததை எடுத்து வந்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். மன்னார்குடி நண்பரிடம் 1930 ஃபோர்டு இருக்கிறது. மயிலாடுதுறையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஆஸ்டினை அவரோடு உட்கார்ந்து பிரித்துப் பூட்டியிருக்கிறேன். மூன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் ஓட்டுவதற்காகவே வாங்குவதென்றால் ஃபோர்டு. என் மாரிஸின் மேல் எனக்கு உயிர், அதை விற்கப் போவதில்லை. ஆனாலும் பதில் ஃபோர்டுதான்.

ஃபோர்டு மாடல் ஏ 1927 டிசம்பரில் வெளிவந்தது. 1931 வரை ஏறக்குறைய 48 லட்சம் வண்டிகள் செய்தார்கள். நம் நாட்டுக்கு வந்தவை கனடா ஃபோர்டின் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகள்; 1926-ல் தொடங்கிய ஃபோர்டு இந்தியாவே கனடா கம்பெனியின் கிளையாகத்தான் இருந்தது. எஞ்சின் 3.3 லிட்டர், சக்தி வெறும் 40 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 2,200 சுற்றிலேயே வந்துவிடும். இவ்வளவு பெரிய எஞ்சினில் இவ்வளவு கொஞ்சம் சக்தி எடுப்பதால் அது தன்னை வருத்திக்கொள்வதே இல்லை. டாப் கியரில் போட்டுவிட்டு மாட்டு வண்டியின் பின்னால் ஊர்ந்து போகலாம். வழி கிடைத்ததும் கியரைத் தொடாமல் அப்படியே மிதிக்கலாம். அமெரிக்க விவசாயிகளின் மண் சாலைக்காகச் செய்த வண்டி ஆதலால் தரையிலிருந்து நல்ல உயரம். நம் மண்ணில் அது அந்நியமாகத் தெரிவதில்லை.

மாரிஸ் 918 சி.சி., 23 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல். சமதரையில் தாராளமாக 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும், அதற்குக் குறை சொல்ல முடியாது. வெயில்தான் பிரச்சினை. மாரிஸிலும் ஆஸ்டினிலும் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறியது கீழே இறங்கும், அந்தச் சுழற்சியை நம்பித்தான் எஞ்சின் குளிர்கிறது. இங்கிலாந்தின் குளிரில் அது போதும். நம் ஊரில் ரேடியேட்டர் உள்ளே சுத்தமாக இருந்தால் மட்டுமே போதும். ஃபோர்டில் பம்ப் இருக்கிறது, அதன் தண்டிலேயே விசிறியும் சுற்றுகிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்லதல்ல. முதல் வருடம் கிடைத்த போர்வெல் தண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றினேன். திருவாரூருக்குக் கிழக்கே பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். குழாய்களுக்குள் காறை படிந்து, ஒரு மத்தியானம் அய்யம்பேட்டையில் ஆவி கிளம்பி நின்றுவிட்டது. ரேடியேட்டரை இறக்கி, மேல் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி எடுத்தோம். இப்போது ஐப்பசி மழையில் மாடித் தண்ணீரைப் பிடித்துக் கேன்களில் வைத்துக்கொள்கிறேன். வருடம் முழுக்க அதைத்தான் ஊற்றுகிறேன். அதன் பிறகு கொதித்ததில்லை. இதே தவறை ஃபோர்டு ஓரளவு பொறுத்துக்கொள்ளும், மாரிஸ் பொறுக்காது.

சரி, பிரேக். இதில் மாரிஸை அடிக்க மற்ற இரண்டாலும் முடியாது. 1935-லேயே அந்த மலிவு காருக்கு லாக்ஹீடு ஹைட்ராலிக் பிரேக் (ஆயிலின் அழுத்தத்தில் பிடிப்பது) கொடுத்திருந்தார்கள். மிதித்தால் நாலு சக்கரமும் ஒரே அளவில் பிடிக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்காது. சந்திலிருந்து ஆடு ஓடி வந்தாலும், எதிரே மினி பஸ் நடுரோட்டில் வந்தாலும் எனக்குப் பதற்றம் இல்லை. ஃபோர்டில் கம்பிகளும் நெம்புகோல்களும்தான். நாலு சக்கரத்திலும் பிரேக் உண்டு, ஆனால் வருடக்கணக்கில் தேய்ந்த மூட்டுகளோடு ஓட்டினால் பாதி மிதி அந்தத் தேய்மானத்திலேயே போய்விடும். நண்பர் ஒவ்வொரு மூட்டுக்கும் புதிதாகப் புஷ் போட்டு, டிரம்களை லேத்தில் பிடித்து வட்டமாக்கி, நாலையும் சமமாக வைத்தார். இப்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்குப் பிடிக்கிறது. அந்த வேலைக்கு மூன்று மாதம் ஆனது.

ஆனால் ஹைட்ராலிக்கின் எதிரி ஈரம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கார்த்திகை முடிய நம் பக்கம் காற்றே நனைந்துதான் இருக்கிறது. வண்டியை அந்த மாதங்களில் சும்மா நிறுத்தினால் பிரேக் சிலிண்டருக்குள் துரு புள்ளி புள்ளியாகப் பிடித்து, அடுத்த மிதியில் வாஷரைக் கிழிக்கும். என் வண்டியில் லேத் பட்டறையில் கொடுத்து எல்லாப் பிரேக் சிலிண்டருக்கும் உள்ளே ஸ்டெயின்லெஸ் உறை (ஸ்லீவ்) இறக்கினேன். அதற்கு முன் இன்னொரு அனுபவம்: ஒரு பட்டறையில் பிரேக் ஆயில் குறைவாக இருக்கிறதென்று எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். ரப்பர் வாஷர்கள் எல்லாம் உப்பி, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டது. இருபது கிலோமீட்டர் கயிறு கட்டி இழுத்து வந்தோம். கம்பி பிரேக்கில் இந்தத் தொல்லையே இல்லை. ஒரு ஸ்பானர் இருந்தால் புளியமரத்தடியில் சரிசெய்து கிளம்பலாம். இதை எழுதும்போது எனக்கே ஃபோர்டின் பக்கம் மனம் சாய்கிறது.

அடுத்து எஞ்சின் பேரிங். இந்த மூன்றில் எதை வாங்கினாலும் ஒயிட் மெட்டல் வேலையைச் சந்திக்க வேண்டியிருக்கும். வெள்ளீயத்தோடு ஆண்டிமனியும் செம்பும் கலந்த அந்த உலோகத்தை உருக்கி ஊற்றி, பிறகு கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஃபோர்டில் அதை நேரடியாக எஞ்சின் பிளாக்கிலேயே ஊற்றுகிறார்கள். பிளாக்கைச் சூடேற்றாமல் ஊற்றினால் ஒட்டாது. ஒட்டாத ஒயிட் மெட்டல் ஆயிரம் கிலோமீட்டர் தாங்காது. இந்தக் கை நம் டெல்டாவில் இன்னும் முழுக்க அற்றுப்போகவில்லை. ஒரு காலத்தில் இங்கே ரைஸ்மில்கள் ஓடியதே பெரிய ஆயில் எஞ்சின்களில்தான், அவற்றுக்குப் பேரிங் ஊற்றிய பெரியவர்கள் ஓரிருவர் இருக்கிறார்கள். நண்பரின் ஃபோர்டுக்கு ஊற்றியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கும் முன் ஒரு பைன் குச்சியை உலோகத்தில் விட்டுப் பார்த்தார். குச்சி பழுப்பானால் சூடு சரி, கருகினால் அதிகம். அவர் இருக்கும்போதே இந்த வேலையை இளைஞர் யாராவது பழகிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தீராத கவலை.

மற்ற பாகங்களில் ஃபோர்டுக்கு நிகர் இல்லை. அமெரிக்காவில் மாடல் ஏ-க்கு இன்றும் புதுப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். கேஸ்கெட்டிலிருந்து மட்கார்டு வரை கிடைக்கும். கப்பல் செலவும் சுங்கமும் கூடினாலும் கிடைக்கிறதே, அது பெரிது. ஆஸ்டினுக்கு இங்கிலாந்தில் நல்ல சந்தை இருக்கிறது. மாரிஸ் எய்ட் போருக்கு முன்பே 2 லட்சத்துக்கு மேல் விற்ற கார் என்றாலும், பாகம் தேடுவது அவ்வளவு சுலபமில்லை. அப்போது நம்மூர் கைகள்தான் துணை. அக்காலத்துத் துத்தநாக வார்ப்புக் கைப்பிடிகள் தொட்டால் பொடியாகும். என் கதவுக் கைப்பிடிகளை நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டி மாதிரி எடுத்து, பித்தளையில் வார்த்து, விளக்குத் தண்டு கடையும் அதே லேத்தில் கடைந்து கொடுத்தார். பிளேட்டிங் போட்டதும் பழசுக்கும் புதுசுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

பிளேட்டிங் என்றதும் ஒன்று. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் ஃபோர்டு பார்த்தால் 1930, 31 வண்டியாகப் பாருங்கள். 1928, 29-ல் ரேடியேட்டர் முகப்பும் விளக்குகளும் நிக்கல் பூச்சு. அதற்குப் பிந்தையவை துருப்பிடிக்காத எஃகு. உப்புக் காற்றில் இரண்டே மழைக்காலத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பெட்ரோல் விஷயம் சமீபத்தியது. பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரைக் கரைக்கும், எஞ்சினுக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கொஞ்சம் மெலிதாக்கும். மாரிஸில் எஸ்.யூ. கம்பெனியின் எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் இருக்கிறது. அதன் டயாஃப்ரம், ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றியாக வேண்டும். ஃபோர்டில் பெட்ரோல் பம்பே இல்லை. டாங்க் கண்ணாடிக்கு முன்னால் உயரத்தில் இருக்கிறது, பெட்ரோல் தானாக வார்ப்பிரும்புக் கார்புரேட்டருக்கு இறங்குகிறது. கெட்டுப்போக அங்கே பொருள் குறைவு. எதுவானாலும் மழைக்காலத்தில் நிறுத்தும் முன் டாங்கை வடித்துவிடுங்கள். இன்னொன்று: அறுவடைக் காலத்தில் சாலையில் வைக்கோல் கிடக்கும். அது சைலன்சரில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும். மாரிஸ் தாழ்வான வண்டி, நான் தீயணைப்பான் இல்லாமல் கிளம்புவதில்லை.

ஆஸ்டின் செவனைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், ஏனென்றால் டெல்டா நெடுஞ்சாலைக்கு அது ஏற்றதில்லை. 747 சி.சி., பெரும்பாலானவற்றில் எஞ்சினின் கிராங்குத் தண்டுக்கு இரண்டே பேரிங், பழைய மாடல்களில் ஆறேகால் அடி வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்). 1930-க்கு முந்தையதில் கால் பிரேக் பின் சக்கரத்துக்கும் கை பிரேக் முன் சக்கரத்துக்கும் தனித்தனியாகப் போகும். கிளட்ச் ஒரு விரல்கடை நகர்ந்தால் பிடித்துவிடும். பழக ஒரு மாதம் ஆகும். ஆனால் அக்ரகாரச் சந்துக்குள் திரும்பும், இரண்டு பேர் எஞ்சினைத் தூக்கி மேஜை மேல் வைத்துவிடலாம். பிள்ளைகளுக்குக் கார் என்றால் என்னவென்று சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வண்டி கிடையாது. பழைய மாடல்களின் டயர் 3.50-19. புல்லட் டயர் உட்காருகிறதே என்று அதைப் போடாதீர்கள். சாய்ந்து திரும்பும் வண்டிக்குச் செய்த டயர் அது, காரின் பக்க இழுவையைத் தாங்காது.

எதை எடுத்தாலும் முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டிகள் வின்டேஜ் பதிவு பெறலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், ‘விஏ’ வரிசையில் எண். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்த வண்டியை தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்பதும் விதி. பழைய கார்களில் அம்பாசடர் எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ இறக்கி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. ஆகவே எஞ்சின் எண்ணைத் துடைத்து, டார்ச் அடித்து, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

போன மாதம் குத்தாலத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். அவர் கண்ணில் இரண்டு வண்டிகள் பட்டிருந்தன. ஃபோர்டு ஏ ஒன்று, பாடி கச்சிதம், ஆனால் உள்ளே ஜீப் எஞ்சின், புத்தகமும் இல்லை. மாரிஸ் எய்ட் ஒன்று, கூரை போய் எலும்புக்கூடு மாதிரி இருக்கிறது, ஆனால் சொந்த எஞ்சின், தாத்தா பெயரிலிருந்து ஒழுங்காக மாறி வந்த புத்தகம். மேலே எழுதியதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு மாரிஸை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டரை இறக்குகிறோம். மழைத் தண்ணீர் இரண்டு கேன் எடுத்துப் போகிறேன்.