கான்டெஸாவா, எஸ்டீமா? டிராக் ரேஸ் ஓட்ட ஒரு பழைய பாடி

சித்தப்பா மகன் கிருஷ்ணகிரியில் இரண்டு பழைய கார்களைப் பார்த்து வைத்திருக்கிறான்: ஒன்று ஹிந்துஸ்தான் கான்டெஸா, இன்னொன்று மாருதி எஸ்டீம். இரண்டிலும் இன்ஜின் இல்லை, வெறும் பாடி. "402 மீட்டர் டிராக் ஓட்டணும், எதுண்ணா எடுக்கலாம்?" என்கிறான். டிராக் என்றால் நேர்கோட்டில் யார் முந்துகிறார் என்று பார்க்கும் பந்தயம். லாரி மாதிரி தனி சேசிஸ் (அடிச்சட்டம்) இரண்டுக்கும் கிடையாது, பாடிதான் சேசிஸ். அது கோணியிருந்தால் அப்புறம் எத்தனை செலவு செய்தாலும் வண்டி நேராக ஓடாது.

கணக்குப்படி கான்டெஸாதான் ஜெயிக்க வேண்டும். வண்டி சீறிக் கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. கான்டெஸாவுக்குப் பின்சக்கரம்தான் தள்ளுகிறது, அதனால் டயர் தரையைக் கவ்வும். எஸ்டீமில் இழுப்பது முன்சக்கரம். எடை அங்கிருந்து விலகிவிடும், டயர் புகைதான் விடும்.

ஆனால் எஸ்டீம் 900 கிலோவுக்குள் அடங்கும். கான்டெஸா அதைவிட 200, 300 கிலோ கூடுதல். அதன் தயாரிப்பு நின்றதே 2002-இல், சாமான் தேடியே வருஷம் போய்விடும். பெரிய இன்ஜின் இறக்கக் காசிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கான்டெஸா. 1.3 லிட்டர் இன்ஜினோடு பழக வருகிறவனுக்கு எஸ்டீம் போதும்.

செட்டிங்கும் நேர் எதிர். கான்டெஸாவுக்கு முன் ஸ்பிரிங் இளகலாக இருந்து மூக்கு தூக்க வேண்டும். எஸ்டீமுக்குப் பின் ஸ்பிரிங்கை இறுக்கி, வண்டி பின்னால் உட்காராமல் பார்க்க வேண்டும். முன் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, பின்னால் ஏற்றலாம். ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இரண்டுக்கும் கட்டாயம், இதில் பேரம் கிடையாது.

வாங்கும் முன் செய்யச் சொன்னது இரண்டே வேலை. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கி, சஸ்பென்ஷன் போல்ட்டுகளிலிருந்து தரையில் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டையும் ஒப்பிடுவது; இரண்டும் ஒத்துவந்தால் பாடி கோணவில்லை. அப்புறம் துணி சுற்றிய காந்தத்தைப் பாடி முழுக்க ஓட்டிப் பார்ப்பது. பிடிக்காத இடத்தில் தகரத்துக்குப் பதில் புட்டி (ஓட்டை, நெளிவை மூடும் பசை) இருக்கிறது. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாந்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

நேற்று போன் செய்தான். எஸ்டீமில் குறுக்களவு வித்தியாசம் 4 மில்லிமீட்டர்தானாம். கான்டெஸாவில் இடப்பக்கக் கதவுக்குக் கீழே காந்தம் ஒட்டவே இல்லையாம்.