மேகத்துக்குள் மூன்றாவது கை: நானே கட்டிய விமானத்தில் ஆறு ஆண்டுகள்

விமானத்தைக் கட்டி முடித்தபோது விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட் கருவியை நான் வைக்கவில்லை. பணமும் ஒரு காரணம்தான்; அதைவிடப் பிடிவாதம் பெரிய காரணம். இரண்டு பேர் அருகருகே உட்காரும் சின்ன விமானம், அலுமினியத் தகடு, ஆயிரக்கணக்கில் ரிவெட், எல்லாம் என் கையால் அடித்தது. அப்படிப்பட்ட விமானத்தை ஒரு மோட்டாரிடம் ஒப்படைப்பதாவது! 1929 செப்டம்பரில் அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையிலிருந்து, கருவிகளை மட்டுமே பார்த்து ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டினார். அவர் என்ன ஆட்டோபைலட்டா வைத்திருந்தார் என்று கேட்பேன். அவசரத்துக்குப் பிடித்துக்கொள்ள இன்னொரு விமானி அதே விமானத்தில் உட்கார்ந்திருந்ததை மட்டும் வசதியாக மறந்துவிடுவேன்.

முதல் இரண்டு ஆண்டுகள், ஏறத்தாழ 200 மணி நேரம், வெறுங்கையோடு பறந்தேன். பிறகு வந்த நான்கு ஆண்டுகளில் ஆட்டோபைலட்டோடு அதைப்போல் இரு மடங்கு. நாமே கட்டிய விமானத்தில் மேகத்துக்குள் போக ஆட்டோபைலட் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, இரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளியே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிப் பறத்தலுக்கு என்னென்ன வேண்டும் என்று அமெரிக்காவின் 91.205 விதி பட்டியல் போடுகிறது. விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம், திசைகாட்டி, உயரமானி, விநாடி காட்டும் கடிகாரம் வரை அதில் உண்டு, ஆட்டோபைலட் இல்லை. ஆனால் அதே நாட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றும் சிறு விமானம், இரண்டாவது விமானி இல்லாமல் கருவிப் பறத்தலில் போக வேண்டுமானால், மூன்று அச்சுகளிலும் இயங்கும் ஆட்டோபைலட் கட்டாயம். தனியாளாக மேகத்துக்குள் போகிறவனைப் பற்றிச் சட்டத்தின் உள்மனம் என்ன நினைக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது.

நாமே கட்டும் விமானங்களுக்கு ஒரு குணம் உண்டு. பயிற்சிப் பள்ளியின் விமானத்தில், விமானத்தைத் திருப்பும் தண்டிலிருந்து கையை எடுத்தால் அது கொஞ்ச நேரமாவது அப்படியே போகும், சாதுவான மாடு மாதிரி. என்னுடையது அப்படியல்ல. இறக்கை குட்டை, தண்டு இறகு மாதிரி லேசு, நினைத்தாலே திரும்பும். தெளிந்த வானத்தில் அதுதான் ஆனந்தம். மேகத்துக்குள் அதுவே வினை. ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் தானாக நிமிராது. சாய்வு கூடும், மூக்கு தாழும், வேகம் ஏறும். மெதுவாகச் சாய்ந்தால் சமநிலையை உணரும் உள்காதுக்கு அது தெரியவே தெரியாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே பார்க்க முடியாதபடி செய்து பறக்கவிட்டார்கள். ஒருவர் தப்பாமல் இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில். எனக்குத்தான் பயிற்சி இருக்கிறதே, அந்தக் கணக்கு எனக்கு எதற்கு என்று இருந்தேன்.

பிடிவாதம் உடைந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 7,000 அடி, சுற்றிலும் சாம்பல் நிறம், லேசான குலுக்கல். கட்டுப்பாட்டு அறையிலிருந்து புதிய வழித்தடம் சொன்னார்கள். கேட்டறியாத இரண்டு இடப்பெயர்கள். தொடையில் கட்டிய பலகையில் எழுதினேன், திருப்பிச் சொன்னேன், வழிகாட்டும் திரையில் முதல் பெயரைத் தட்டினேன். இரண்டாவதில் ஓர் எழுத்து தப்பிவிட்டது. அழித்தேன், மறுபடி தட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் செயற்கை அடிவானம் வலப்பக்கம் 35 பாகை சாய்ந்து கிடக்கிறது. வேகம் 20 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 37 கி.மீ., ஏறியிருக்கிறது. 300 அடி இழந்திருக்கிறேன். உடம்புக்கோ, நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பு. சரிசெய்ய நாலைந்து விநாடிதான் ஆனது. ஆனால் இறங்கிய பிறகு பேனாவை மூடக் கை ஒத்துழைக்கவில்லை. தன் கையே தனக்குதவி என்பார்கள். அன்றைக்கு எனக்கு மூன்று கை தேவைப்பட்டது.

முதலில், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலான எய்லரானுக்கு மட்டும் அதை அசைக்கும் ஒரு சர்வோ மோட்டார் வைத்தேன். இறக்கையைச் சமமாக வைத்திருக்கும், சொன்ன திசையில் போகும், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த பலனில் முக்கால் பங்கு இந்த ஒரு மோட்டாரிலேயே கிடைத்துவிட்டது என்பேன். அடுத்த ஆண்டு, மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டருக்கும் ஒன்று வந்து உயரத்தைப் பிடித்துக்கொண்டது. இறங்குபாதையில் ஓடுபாதைக்கு மேல் 200 அடி வரை தானே கொண்டுவந்து விடும் வசதியும் இப்போது இருக்கிறது. அது சுகம், தேவை என்று சொல்லமாட்டேன்.

வாங்கி மாட்டியதோடு வேலை முடிந்துவிடாது. தொழிற்சாலை விமானத்துக்கு யாரோ ஒருவர் முன்பே அளந்து சரிசெய்து வைத்திருப்பார். நம் விமானத்துக்கு அந்த யாரோ நாம்தான். சர்வோவின் கை எந்த நிலையிலும் மையம் தாண்டி மடங்கிப் பூட்டிக்கொள்ளக் கூடாது. தண்டை நான்கு மூலைக்கும் தள்ளி இதைப் பார்க்காமல் பறக்கவே கூடாது. பிறகு அதன் உணர்திறன். கூட்டி வைத்தால் வால் நாய்வால்போல் ஆடும். குறைத்து வைத்தால் ஆற அமரத் திரும்பி, தாண்டிப் போய், மறுபடி திரும்பி வரும். ஐந்தாறு பறத்தலுக்குப் பிறகுதான் நூல் பிடித்தாற்போல் போனது.

ஒரு கோளாறை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முழுக்க முழுக்க என் கைவண்ணம். தெளிந்த வானத்தில் எத்தனை முறை சோதித்தாலும் ஆட்டோபைலட் குற்றம் குறையில்லாமல் ஓடும். மேகத்துக்குள் நுழைந்ததும், சொன்ன திசையை விட்டுப் பத்துப் பன்னிரண்டு பாகை விலகும். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வேகம் காட்டும் பிடோட் குழாயில் பனி பிடிக்காமலிருக்க ஒரு சூடேற்றி இருக்கிறது. மேகத்துக்குள் போகும்போதுதான் அதைப் போடுவேன். அதற்குப் போகும் ஒயரை, திசையறியும் காந்த உணரிக்கு ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோயிருக்கிறேன்! சூடேற்றியைப் போட்டதும் ஒயரில் மின்சாரம் பாய்கிறது, அதன் காந்தப்புலத்தில் உணரி தடுமாறுகிறது, ஆட்டோபைலட் அதை உண்மையென்று நம்பி விசுவாசமாகத் திரும்புகிறது. ஒயரை இடம் மாற்றினேன், தீர்ந்தது. அன்றிலிருந்து புதிதாக எது மாட்டினாலும் எல்லா ஸ்விட்சையும் ஒவ்வொன்றாகப் போட்டு, திசை எண் அசைகிறதா என்று தரையிலேயே பார்த்துவிடுகிறேன்.

இன்னொரு குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. என் ஆட்டோபைலட்டின் மூளை திரைக்குள் இருக்கிறது. திரை அணைந்தால், உதவி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில், அதுவும் சேர்ந்து போய்விடும். மறுபடி வாங்குவதானால் தனக்கென்று தனி உணரிகளும் தனி மின்வழியும் உள்ளதைத்தான் வாங்குவேன்.

பனி படியும் வாய்ப்பு தெரிந்தால் ஆட்டோபைலட்டை உடனே அணைத்துவிடுகிறேன். 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே ஏ.டி.ஆர். 72 பயணிகள் விமானம் விழுந்து 68 பேர் இறந்தார்கள். இறக்கையில் பனி படிந்திருக்க, ஆட்டோபைலட் விடுபட்ட மறுகணமே விமானம் பக்கவாட்டில் புரண்டது. தண்டு கையில் இருந்தால் கனம் கூடுவது விரலுக்குத் தெரியும். மோட்டார் தாங்கிக்கொண்டிருந்தால் அது நம்மிடம் சொல்லாது.

கை துருப்பிடிக்கும் என்பதும் உண்மைதான். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் அதை அணைத்துவிட்டு இறங்கப் பார்த்தேன். முதல்நாள் பயிற்சி மாணவன் தோற்றான். அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு இறக்கம் கையால்தான். புறப்படும் முன் அதை இயக்கி, தண்டை எதிர்த்துத் தள்ளி வெல்ல முடிகிறதா, சிவப்புப் பொத்தான் விடுவிக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

ஆக, வேண்டுமா? தனியாக, லேசான தண்டுள்ள விமானத்தில், உண்மையான மேகத்துக்குள் போவதானால் வேண்டும். இறக்கையைச் சமமாக வைக்கும் அளவுக்காவது. அது இல்லாமல் போகத் துணியாத மேகத்துக்குள், அதை வைத்துக்கொண்டும் போகாதீர்கள். வழியில் அது விடுபட்டால் மிச்சமிருப்பது உங்கள் கை மட்டும்தான். இப்போது விமானம் கட்டிக்கொண்டிருப்பவர்கள், வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், இறக்கையை மூடும் முன்பே சர்வோவுக்கான தாங்கியையும் ஒயரையும் போட்டுவிடுங்கள். நான் மூடிய பிறகு செய்தேன். மல்லாந்து படுத்து, ஆய்வுத் துளைக்குள் முழங்கைவரை கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டு ஒன்றை விரல் நுனியால் தேடித் திருக ஒரு முழு நாள் ஆயிற்று. தகட்டின் விளிம்பு கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது.